மனுவைச் சற்றே நிறுத்தி வைத்தல்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். கையில் வழக்கறிஞர் தட்டச்சுச் செய்து கொடுத்த விவாகரத்து மனு இருந்தது. "ஐயா, ஒத்துவராது என்று இருவருமே முடிவு செய்து ஓராண்டுக்கு மேலாகப் பிரிந்து வாழ்கிறோம். ஆனால் இரண்டு மாதமாக அவள் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. மனச்சோர்வு நோய் என்கிறார் மருத்துவர். இதை இப்போது தாக்கல் செய்வதா, நிறுத்துவதா?" என்றார்.

நான் சட்டம் கற்றவனல்லன். எனினும், பாடம் நடத்தியவனுக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எளிதில் போவதில்லை. மனுவை வாங்கிப் படித்தேன். பிரிவுக்குக் காரணமாக மனைவியின் மனநோயையே அதில் எழுதியிருந்தார்கள்!

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, தீராத சித்தசுவாதீனமின்மை மூன்றாண்டு தொடர்ந்திருந்தால்தான் அது மணமுறிவுக்குக் காரணமாகும் என்றது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த மூன்றாண்டுக் கணக்கை நீக்கிற்று. ஆனால், நோய் எத்தகையது, எவ்வளவு கடுமையானது, அதனோடு சேர்ந்து வாழுமாறு மற்றவரை எதிர்பார்ப்பது நியாயமா என்று பார்க்கச் சொல்லிற்று. நோயின் பெயரை மட்டும் சொல்லி மணமுறிவு பெற இயலாது என்று 1988இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. மருந்தாலும் ஆலோசனையாலும் குணமாகக்கூடிய மனச்சோர்வை இதற்குள் திணிப்பது முறையன்று என்று அவரிடம் சொன்னேன்.

"அப்படியானால், இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி இருக்கிறதே, அவள் எதிலும் கையெழுத்திடுவாளே" என்றார்.

அங்கேதான் எனக்கு மனம் திடுக்கிட்டது. மனச்சோர்வில் இருப்பவர் பலர் எல்லாம் தம் குற்றமே என்று எண்ணுவர். எதை நீட்டினாலும் ஒப்பமிடுவர். அந்தச் சம்மதம் வற்புறுத்தலாலோ வஞ்சனையாலோ தகாத செல்வாக்காலோ பெறப்பட்டதன்று என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்கச் சட்டம் சொல்வதும், அதற்கிடையில் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெற இடம் தருவதும் காரணத்தோடுதான். தக்க வழக்குகளில் அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் நோயுற்றவரை விரைவுபடுத்த அதை ஆயுதமாக்கலாகாது.

சம்மதமின்றித் தனி மனுவாகப் போட்டாலோ, அழைப்பாணை வீடு தேடி வரும். படுக்கையை விட்டு எழவே மனமில்லாதவர் அந்த உறையைப் பிரிக்காமலே வைத்துவிடுவார். பிறகு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு! மணமுறிவு ஆகிவிட்டால், கணவரின் பணியிட மருத்துவக் காப்பீட்டில் மனைவி என்ற முறையில் அவருக்கிருந்த இடமும் போகும். மருத்துவச் செலவு மிகுந்திருக்கும் நேரத்தில்.

'தாமதித்தால் வழக்குக் கெட்டுவிடாதா?' என்று சிலர் அஞ்சுவர். தேவையற்ற அல்லது முறையற்ற தாமதம் உண்டா என்று நீதிமன்றம் பார்ப்பது மெய்யே. துணைவரின் சிகிச்சைக்காகக் காத்திருந்ததை அப்படிச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம். வழக்கறிஞரிடம் கேட்டு, காரணத்தை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால், அடியும் அச்சமும் நிறைந்த வீட்டில் இருப்பவர் இந்தப் பேச்சைக் கேட்டுக் காத்திருக்கவே கூடாது. அவருக்குப் பாதுகாப்பே முதல்.

காத்திருப்பதிலும் ஒரு தீங்கு உண்டு. மீண்டும் சேர்ந்து வாழப்போவதாகப் பாசாங்கு செய்து நாளைக் கடத்துவது நோயாளியை இருமுறை வீழ்த்தும். "தம்பி, முடிவு மாறவில்லை என்பதை மறைக்காதே. 'நீ தேறும் வரை எதையும் தாக்கல் செய்யமாட்டேன்' என்று மட்டும் சொல். எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மருத்துவரிடம் கேள். மருந்து பலன் காட்டவே சில வாரங்களாகும்" என்றேன்.

அவர் கேட்டார். மாதந்தோறும் மருந்துச் செலவை அனுப்பினார். மனைவியின் அண்ணனுக்கும் செய்தியைச் சொல்லிவைத்தார். ஆறாவது மாதம் அந்தப் பெண்மணி தம் வழக்கறிஞரோடு அமர்ந்து, புதிதாக எழுதிய பரஸ்பர சம்மத மனுவை வரி வரியாகப் படித்தாராம். மனநோய் என்ற சொல்லே அதில் இல்லை. அவர் பென்சிலால் ஒரே ஓரிடத்தைத் திருத்தினார்: தந்தை குழந்தையை அழைத்துச் செல்லும் நாள் ஞாயிறன்று, சனிக்கிழமை, ஞாயிறு காலையில் குழந்தைக்குப் பாட்டு வகுப்பு இருக்கிறது.