அரிக்கமேடும் ரோமானியக் கற்காரையும்

முன்னுரை
நோணாங்குப்பத்திற்கு அண்மையில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வில் மதுச் சாடிகளும் அரிட்டைன் மட்கலங்களும் வெளிப்பட்டன. இவற்றைக் கொண்டு இவ்வூரை ரோமானியக் குடியேற்றமாகக் கருதுவோர் உளர். கட்டுமானச் சான்று இக்கருத்திற்குத் துணைபுரிகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கற்காரையின் இயல்பு
ரோமானியக் கற்காரை என்பது சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல், கல் துண்டுகள் ஆகியவற்றின் கலவையாகும். வெறும் சுண்ணச்சாந்து இறுகுவதற்குக் காற்று வேண்டும். சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிவதால் இக்கலவை நீருக்கடியிலும் இறுகும். எனவே துறைமுகப் பணிக்கு இது மிகவும் உகந்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஏரோது மன்னன் செசரியாவில் துறைமுகம் அமைத்தபோது, இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியிலிருந்து சாம்பல் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டது.

அரிக்கமேட்டுச் சான்று
நேப்பிள்ஸை உள்ளடக்கிய கம்பானியாவின் மதுச் சாடிகள் அரிக்கமேட்டிற்கும் வந்துள்ளன. ஆயினும் வீலர் பண்டகசாலை எனக் கருதிய, ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள கட்டடமும் அங்குள்ள தொட்டிகளும் செங்கல்லால் ஆனவை. செங்கற்கட்டுமானம் தமிழகத்திற்கு நன்கு அறிமுகமான தொழிலாகும்.

முடிவுரை
கற்காரை இன்மை ஒன்றே ரோமானியர் இங்குத் தங்கவில்லை என மெய்ப்பிக்காது. எனினும், சாடி வணிகத்திற்குச் சான்றாகுமேயன்றிக் கட்டியவர் யார் என்பதற்குச் சான்றாகாது. அதனைச் சுவர்களிடமே வினவுதல் வேண்டும்.