நிலத்தடியும் நடுங்கும்

நிலத்தை ‘அசையாச் சொத்து’ என்று குறிப்பது பத்திர வழக்கு. அந்நிலமும் அசையும் என்பதை நிலநடுக்கங்கள் உணர்த்துகின்றன. ஆயினும், நிலத்தின்மேல் எழும் கட்டடங்களுக்கே ஆபத்து; நிலத்துள் புதைந்தவை பாதுகாப்பானவை என்னும் எண்ணம் பொறியாளரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. அதனை மாற்றியது ஜப்பானின் கோபே நகரம்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலை 5.46 மணிக்கு அந்நகரை நிலநடுக்கம் உலுக்கியது. 6,400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே டைக்காய் என்னும் சுரங்கத் தொடர்வண்டி நிலையம் இருந்தது. 1960களில் பள்ளம் தோண்டி, கான்கிரீட் பெட்டிபோல் கட்டி, மேலே மீண்டும் மண்ணிட்டு மூடிய நிலையம் அது. நடுவரிசையில் அதன் கூரையைத் தாங்கிய 35 தூண்களில் முப்பதுக்கும் மேற்பட்டவை நொறுங்கின. கூரை அமிழ்ந்தது, மேலிருந்த சாலை இரண்டு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது.

இதன் காரணத்தை அறிய, இருவகைக் கட்டுமானங்களும் அசையும் முறையை நோக்க வேண்டும். பேருந்து திடீரெனப் புறப்படும்போது நிற்பவர் பின்னோக்கிச் சாய்கிறார். அடித்தளம் நகர, மேற்பகுதி தன் நிலைமத்தால் பின்தங்கும் உயர்ந்த கட்டடத்தின் நிலையும் இதுவே. நிலத்தடிப் பெட்டியின் நிலை வேறு. அதனைச் சுற்றியுள்ள மண்ணே அதை ஆட்டுகிறது. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். மண்ணடுக்குகளும் அவ்வாறே நகர்கின்றன. கூரை ஒருபுறமும் தரை மறுபுறமும் இழுபட, பெட்டி கோணலாகிறது. மேலுள்ள மண்ணின் சுமையைத் தாங்கியபடியே தூண்களும் அவ்வாறு கோண நேர்கிறது. டைக்காயின் தூண்களால் அதைத் தாங்க இயலவில்லை.

வலிமை மட்டும் போதாது. உடையாமல் வளையும் தன்மையும் வேண்டும். கான்கிரீட் தானே வளையாது, நொறுங்கும். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டப்படும் வளையமே அதனைச் சிதறாமல் இறுகப் பிடிக்கிறது. கம்பி கட்டும் தொழிலாளர் இதனை ‘ரிங்’ என்பர். டைக்காயின் தூண்களில் இவ்வளையங்கள் மிகுந்த இடைவெளியில் அமைந்திருந்தன. வளையத்தின் முனையை எவ்வளவு மடக்குவது என்பதும் சிறு செய்தியன்று. 90 பாகையில் மடக்கினால், மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் வளையம் விரிந்துவிடும். 135 பாகையில் தூணின் உட்பகுதிக்குள் மடக்கினால் பிடி தளராது. இந்தியத் தரநிலையும் இதனையே வலியுறுத்துகிறது. 2001ஆம் ஆண்டு குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றித் தூண்களை மட்டும் நிறுத்திய தரைத்தளங்கள் அவற்றுட் பலவற்றின் குறை.

இத்தகைய நுட்பங்களைக் கற்பிக்கும் முதுநிலைப் படிப்பே நிலநடுக்கப் பொறியியல். இந்தியாவில் 1960ஆம் ஆண்டிலேயே ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனிப்பள்ளி தோன்றியது. ஜெய் கிருஷ்ணா அதன் முன்னோடி. அப்பல்கலைக்கழகம் இன்று இந்தியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. சிவில் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றோர் ‘கேட்’ தேர்வெழுதி இதில் சேரலாம். கட்டமைப்பு இயக்கவியலில் தேர்ந்தவர் மண்ணை மறந்துவிடுவதும், மண்ணியல் அறிந்தவர் கம்பியை மறந்துவிடுவதும் உண்டு. சுரங்கம் அமைப்போருக்கு இவ்விரண்டும் ஒருங்கே தேவை.

சென்னைக்கும் இது தொலைவிலுள்ள செய்தியன்று. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்நகரம் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது. அதன் பிறகே அங்கு மெட்ரோ சுரங்கங்கள் தோண்டப்பட்டன. தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் ஓர் அதிர்வு மேடை உள்ளது. கட்டடங்களின் மாதிரிகளை அதன்மேல் நிறுத்தி, செயற்கையாக நடுக்கத்தை உண்டாக்கி, முதல் விரிசல் எங்கே தோன்றுகிறது என ஆய்வாளர்கள் காண்கின்றனர்.

டைக்காய் நிலையம் மீண்டும் கட்டப்பட்டு, 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்றும் அங்குத் தொடர்வண்டிகள் நின்று செல்கின்றன.