திரை இருண்டால் திகைக்க வேண்டாம்

தோற்பாவைக் கூத்தை நம்மிற் சிலரேனும் ஊர்த் திருவிழாக்களில் கண்டிருப்போம். வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் பின்னே விளக்கை ஏற்றி, இரண்டிற்கும் நடுவே தோலாற் செய்த பாவைகளை ஆட்டுவர். விளக்கு அணைந்துவிட்டால் இராமனும் இல்லை, இராவணனும் இல்லை, வெறும் இருட்டுத்தான். ஆனால் பாவைகள் அழிந்து போயினவா? இல்லை. ஆட்டுபவன் கையும் ஓயவில்லை. கதை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவே. மடிக்கணினியின் திரை திடீரென்று இருண்டு போவதும் பல வேளைகளில் இத்தகையதே.

விடுதியில் யாருடைய கணினி பழுதானாலும் என் அறைக் கதவைத் தட்டுவது நண்பர்களின் வழக்கமாகிவிட்டது. அவர்களில் பலர், திரை இருண்டதும் கணினியே செத்துவிட்டது என்று முடிவு கட்டி வருகிறார்கள். அந்த முடிவு பணத்தையும் விழுங்கும். சில வேளைகளில் ஆண்டுக்கணக்கான உழைப்பையும் விழுங்கும். ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண், திரை எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரை தானே ஒளி தருவதில்லை. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கதவு போன்றது. மின்னழுத்தம் மாறும்போது திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் திரும்பி, பின்னிருந்து வரும் ஒளியை விடவோ தடுக்கவோ செய்கின்றன. திரவப் படிகங்களை 1888-இல் முதலிற் கண்டவர் ஆஸ்திரியத் தாவரவியலார் ரைனிட்ஸர். கோல் போன்ற மூலக்கூறுகளே இந்நிலையை அடையும் என்று கருதப்பட்ட காலத்தில், தட்டுப் போன்ற மூலக்கூறுகளும் அடையும் என்று 1977-இல் பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் சந்திரசேகரும் அவர் குழுவினரும் காட்டினர். இத்துறையில் நம் நாட்டிற்கும் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

கதவுகளுக்குப் பின்னே ஒளி தரும் விளக்கே பின்னொளி. பழைய மடிக்கணினிகளில் பென்சிலைவிட மெலிந்த குழல் விளக்கு ஒன்று இருந்தது. அதனை எரிக்கப் பல நூறு வோல்ட்டு வேண்டும். அதைத் தருவதற்கு இன்வெர்ட்டர் என்னும் சிறு பலகை இருந்தது. இன்றைய கணினிகளில் அவ்விடத்தை வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துக்கொண்டன. நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியே வெள்ளொளி பெறுகிறார்கள். அந்த நீல ஒளியை உண்டாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட்டு வேண்டும். பத்தினைச் சரமாகக் கோத்தால் 30 வோல்ட்டு ஆகிறது. பாட்டரி தரும் அழுத்தத்தை இந்த அளவுக்கு உயர்த்தும் சுற்று பெரும்பாலும் திரையின் அடிப்பலகையிலேயே இருக்கிறது. அதற்கு மூன்று வேண்டும்: மின்சாரம், ‘எரி’ என்னும் ஆணை, எவ்வளவு வெளிச்சம் என்னும் குறிப்பு. மூன்றும் மதர்போர்டிலிருந்து கீல் வழியாகச் செல்லும் மெல்லிய கேபிளில் வருகின்றன. இவற்றில் ஒன்று தவறினாலும் இருட்டுத்தான்.

இனி, பழுதைக் காணும் வழி. திருப்புளியைத் தொடுமுன் செய்ய வேண்டியவை நான்கு.

ஒன்று: வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதனாலேயே பிழைத்த கணினிகள் உண்டு. மூடியை மூடினால் திரை அணைவதற்காக உள்ளே ஒரு காந்தமும் அதனை உணரும் கருவியும் இருக்கின்றன. காந்தம் வைத்த கைப்பேசி உறையோ, அடியில் வைத்த மற்றொரு மடிக்கணினியோ அக்கருவியை ஏமாற்றிவிடும். அவற்றையும் அகற்றிப் பாருங்கள்.

இரண்டு: அறையை இருட்டாக்கி, கணினியை இயக்கி, டார்ச் விளக்கைத் திரையின் மேல் சாய்வாக அடியுங்கள். எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தால் திரவப் படிகம் நலமாக இருக்கிறது. பின்னொளி மட்டுமே போயிற்று.

மூன்று: வேறொரு திரையை எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணையுங்கள். அதில் படம் வந்தால் கணினியின் உள்ளுறுப்புக்கள் நலம். அங்கே படம் வந்தும், டார்ச் ஒளியில் ஒன்றுமே தெரியாவிட்டால், படம் கொணரும் கேபிளோ திரையோ பழுது. இரண்டிலும் படம் இல்லையென்றால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

நான்கு: மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு கோணத்தில் ஒளி வந்து, மறு கோணத்தில் மறைந்தால், கீலில் நசுங்கிய கேபிளே குற்றவாளி.

சென்ற ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர், ஆய்வேட்டை ஒப்படைக்க ஒன்பது நாட்கள் இருக்கையில் இவ்வாறு வந்தார். கடையொன்றில் திரையை முழுதும் மாற்ற வேண்டுமென்று கூறி 7,000 ரூபாய் கேட்டனராம். அவருக்கு அஃது இரண்டு மாத மெஸ் பணம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன்? டார்ச் அடித்தோம், அவருடைய மூன்றாம் அத்தியாயம் மங்கலாகத் தெரிந்தது. அவர் முகத்தில் அப்போது தோன்றிய நிம்மதியை நான் எழுதிக் காட்ட இயலாது. உடனே பக்கத்து அறைத் திரையை இணைத்து, ஆய்வேடு முழுவதையும் நகல் எடுத்தோம். அதன் பிறகே பழுதைத் தேடினோம். மூடியை அசைத்தபோது ஒளி மின்னி மறைந்தது. 600 ரூபாய்க் கேபிளில் வேலை முடிந்தது.

பழுது பார்க்க முனைவோருக்குச் சில விதிகள். அடாப்டரைக் கழற்றுங்கள், பாட்டரியையும், அது உள்ளே இருந்தால் அதன் இணைப்பையும், கழற்றுங்கள், பின்னர் இயக்கும் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பாட்டரி இணைந்திருக்கும்போதே திரைக் கேபிளைப் பிடுங்கினால், அடுத்தடுத்த ஊசிகள் ஒன்றையொன்று தொட்டு ஃபியூஸ் போய்விடும். ஒரு பழுது இரண்டாகும். திரையின் சட்டத்தில் ரப்பர்ப் பொட்டுகளுக்கு அடியில் திருகுகள் மறைந்திருக்கக்கூடும். சட்டத்தை நெம்ப இரும்பு வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். கேபிளின் முனையை ஒருமுறை கழற்றி நேராகச் செருகினாலே சில திரைகள் எரியத் தொடங்கும்.

கேபிள் நலமாக இருந்தால், மதர்போர்டில் திரைக் கேபிள் சேருமிடத்தருகிலும், திரைப் பலகையிலும் உள்ள சிறு ஃபியூஸ்களை மல்டிமீட்டரால் சோதியுங்கள். நல்ல ஃபியூஸில் தொடர்ச்சி காட்டும். போயிருந்தால் அதே அளவுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியைப் பற்றவைத்து ஒப்பேற்றலாகாது. அது ஏன் போயிற்று என்று காணாமல் மாற்றினால் புதியதும் போகும்.

ஃபியூஸும் நலமென்றால், ஒளியூட்டும் சுற்றோ எல்.இ.டி. சரமோ பழுதாகியிருக்கலாம். சரத்தை மாற்றுவதற்குத் திரையின் மென்தாள்களைத் தூசியின்றிப் பிரித்துச் சேர்க்க வேண்டும். விடுதி அறையில் அது ஆகாத காரியம். அப்போது திரையை மாற்றுவதே முறை. பழைய திரையின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணைப் பார்த்து, ஊசிகளின் எண்ணிக்கையும் இணைப்பின் இடமும் ஒத்த திரையையே வாங்குக. 30 ஊசித் திரையின் இடத்தில் 40 ஊசித் திரை பொருந்தாது.

குழல் விளக்குள்ள பழைய கணினியாயின் இன்வெர்ட்டரை இயங்கும்போது தொட வேண்டாம். குழலில் பாதரசமும் உண்டு, உடைத்துவிடாதீர்கள். ஓ.எல்.இ.டி. திரைகளில் புள்ளிகள் தாமே ஒளிர்வதால் அங்கே பின்னொளியே கிடையாது. மேற்சொன்ன டார்ச் சோதனையும் அவற்றிற்குப் பொருந்தாது.

நண்பர்களே, நம்மிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து படிக்கிறோம். பெற்றோர் அனுப்பும் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை நாம் அறிவோம். கடைக்காரர் சொல்லுமுன் நோய் எங்கே என்று தெரிந்துகொண்டு போனால், அந்தப் பணத்திற்கு நாம் காட்டும் மரியாதையாகும் அது. இருண்ட திரையைக் கண்டால் முதலில் டார்ச்சைத் தேடுங்கள். அடுத்து, எழுதியவற்றை நகல் எடுங்கள். பணப்பையைத் தேடுவது அதற்குப் பிறகு.