கைத்திறனுக்கு விலை யாது?

சென்ற மாதம் ஆய்வின் பொருட்டு இளையரசனேந்தலுக்குச் சென்றிருந்தேன். கணக்குப் புத்தகங்களை மூடிய பின்னர், முதிய அங்கத்தினர் ஒருவர், "ஐயா, கரூரிலே நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்களாமே, அதற்குச் சம்பளமும் உண்டாமே, மெய்தானா?" என்று வினவினார். கூடியிருந்தோர் நகைத்தனர். ஆயினும் அது நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று.

செய்தி மெய்யே. கரூரில் ஆப்ஜெக்ட்வேஸ் என்னும் நிறுவனத்தில் நடைபெறும் இப்பணியைப் பற்றி 2025-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகை எழுதியது. பணியாளர் கூடையிலிருந்து துண்டை வலக்கையால் எடுத்து, இரு கைகளாலும் உதறி, மும்முறை மடித்து, மேசையின் இடப்புறம் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தைக் கடந்தாலும், ஒரு படி தவறினாலும் மீண்டும் தொடங்க வேண்டும். அப்படங்கள் அமெரிக்கா சென்று இயந்திர மனிதனுக்குப் பாடமாகின்றன.

கணிப்பொறி மொழியை நூல்களிலிருந்து கற்றது. கையின் அறிவோ நூல்களில் முழுதும் அடங்குவதன்று. ஆகவே ஆராய்ச்சியாளர் கையையே நூலாகக் கொண்டனர். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றைக் கூறுவேன். வீட்டுப் பொருள்கள் 50-இன் வடிவங்களைக் கணிப்பொறியிலிருந்து அச்சிட்டு எடுத்து, 50 பேரைப் பிடிக்கச் செய்தனர். கை விட்டுச் சென்ற வெப்பத்தைத் தனிவகைக் கேமரா படமெடுத்தது. விரல் பட்ட இடமெல்லாம் துலங்கிற்று. ஒரே பொருளைப் பயன்படுத்தும்போது ஒரு விதமாகவும், பிறரிடம் கொடுக்கும்போது வேறு விதமாகவும் பற்றுகிறோம் என்பதும் அதிற் பதிவாயிற்று. 2020-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கழகத்தார், 10 பேர் 51 பொருள்களைக் கையாளும்போது உடல் முழுவதும் அசையும் விதத்தைப் பதிவு செய்து வெளியிட்டனர்.

நம்மவர்க்கு இது புதுமையன்று. நாடாவைக் கையில் எடுத்துத் தார் மாற்றும் விரலின் பதமும், அறுந்த பாவு இழையை முடியும் பதமும் வேறு வேறு. இலைத் தூசு ஒட்டாமல் பருத்தியைச் சுளையிலிருந்து எடுக்கும் கைக்கும் ஒரு கல்வி உண்டு. இதுவரை அக்கல்வி தாயிடமிருந்து மகளுக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் சென்றது. இனி அது விலைக்கும் செல்லக்கூடும்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நெய்த துண்டு ஒரு முறை விற்கப்படுகிறது. அதற்குக் கூலி பெறுகிறோம். கையின் அசைவைப் பிடித்த படமோ ஆயிரம் இயந்திரங்களுக்குப் பாடமாகலாம். ஒரு நாட்கூலி கொடுத்து அதனை என்றென்றைக்கும் வாங்கிக்கொள்வது நியாயமாகுமா? 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரது தகவலை அவர்தம் இசைவின் பேரில் பெறுவோர், நோக்கத்தை அறிவித்துப் பெறவேண்டும் என்கிறது. தந்த இசைவைத் திரும்பப் பெறவும் இடமளிக்கிறது. ஆனால் கைத்திறனுக்கு விலை இவ்வளவு என்று அச்சட்டம் கூறவில்லை.

விலை பேசுதல் சங்கத்தின் கடமை. படம் பிடிக்க எவரேனும் வரின், அங்கத்தினர் தனித்தனியே கையொப்பமிடற்க. நிர்வாகக் குழு முன்னின்று மூன்று செய்திகளை எழுத்தில் பெறுக: படம் எதற்குப் பயன்படும், எத்தனை காலம் யாரிடம் இருக்கும், பிறருக்கு மறுவிற்பனையானால் சங்கத்துக்குப் பங்கு யாது. ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பின்னரே பொதுப்பேரவை தீர்மானம் நிறைவேற்றுக.

இயந்திரத்தை வெறுக்கச் சொல்லவில்லை. முதுகை வளைக்கும் சுமையை அது ஏற்குமாயின் வரவேற்போம். 1904-இல் இந்நாட்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்ததும், 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும், தனித்து நின்றவர் விலை பேச இயலாத நிலையை மாற்றவே. அன்று பேசியது கடனுக்கும் துணிக்கும். இன்று பேசவேண்டியது கைக்கு.

முதியவரிடம் இவ்வளவும் கூறினேன். அவர் தம் உள்ளங்கையைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, "அப்படியானால் இதையும் சங்கத்துப் பேரேட்டில் ஏற்ற வேண்டும்" என்றார். இம்முறை ஒருவரும் நகைக்கவில்லை.