செவியிலார்க்கு ஆசான்

செவிப்புலனற்ற மாணாக்கர் தங்காலில் நிற்றற்கு யாது துணை என வினவுவார், லோறன்ற் கிளேர்க்கின் வரலாற்றை அறிதல் தகும். குழவிப் பருவத்திலே கேட்கும் ஆற்றலிழந்த அவர், பாரிசிற் சைகைமொழி வாயிலாகக் கற்று, அப்பள்ளியிலேயே ஆசிரியருமானார். 1816இல் தோமஸ் கலோடெற் என்பாருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வழியில் ஒருவர் சைகைமொழி கற்பித்தார். மற்றவர் ஆங்கிலங் கற்பித்தார். எத்துணை இனிய பண்டமாற்று! மறுஆண்டு ஹாட்போட்டில் அவர்கள் தொடங்கிய பள்ளியிற் பயின்றோர் பலர் தாமும் ஆசிரியராயினர். கிளேர்க்கும் ஊதியம் பெற்று, செவிப்புலனற்ற மாணவியொருத்தியை மணந்து, இல்லறம் நடத்தினார்.

ஆயின் 1880இல் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே சிறந்ததெனத் தீர்மானித்தது. வாக்களித்தோர் ஏறக்குறைய யாவரும் செவியுடையார்! அதன்பின் செவிப்புலனற்ற ஆசிரியர் பலர் தொழிலிழந்தனர். உதட்டசைவை உற்றுநோக்குவதிலேயே நாளைக் கழிக்கும் சிறுவன் கணக்கை எப்போது கற்பான்? 2010இல், வான்கூவரிற் கூடிய மாநாடு அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தந் தெரிவித்தது.