மரபணுவுக்கு ஒரு வாய்ப்பூட்டு: புற்றுநோயில் மெதிலேற்றத்தின் பங்கு

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது. 9 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். இது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுவோர் மிகுந்துள்ள நாட்டில், நோயை முன்னதாகக் கண்டறியும் வழி எதுவாயினும் அது மருத்துவரின் அக்கறைக்கு மட்டுமன்றி, திட்டமிடுவோரின் அக்கறைக்கும் உரியதாகும். அத்தகைய வழிகளுள் ஒன்றுக்கு அடிப்படையாக விளங்குவது டி.என்.ஏ. மெதிலேற்றம் ஆகும்.

மெதிலேற்றம் என்பது யாது?

நம் உடலின் உயிரணுக்களில் பெரும்பாலும் ஒரே டி.என்.ஏ.தான் அமைந்துள்ளது. ஆயினும் கல்லீரல் உயிரணு வேறு, நரம்பு உயிரணு வேறு. ஒவ்வொன்றிலும் அதனதன் தொழிலுக்கு வேண்டிய மரபணுக்கள் மட்டுமே பேசுகின்றன. ஏனையவை வாய் மூடியிருக்கின்றன. இவ்வாறு வாய் மூடச் செய்யும் முறைகளுள் ஒன்றே மெதிலேற்றம். டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசினை அடுத்துக் குவானின் அமைந்துள்ள இடங்களில், ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட மெதில் தொகுதி சைட்டோசினுடன் இணைகிறது. எழுத்து மாறுவதில்லை, ஆனால் மரபணுவின் தொடக்கப் பகுதியில் இத்தகைய குறிகள் செறிந்துவிட்டால், அம்மரபணுவுக்கு வாய்ப்பூட்டுப் போட்டது போலாகிவிடுகிறது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, பழைய இழையிலுள்ள குறிகளைப் பின்பற்றிப் புதிய இழையிலும் ஒரு நொதி அவற்றைப் பதிக்கிறது. இவ்வாறு குறிகள் வழிவழியாகத் தொடரக்கூடும் என்ற கருத்தை 1975இல் ஹாலிடே, பியூ ஆகிய இருவரும், அவர்களைச் சாராமல் ரிக்ஸ் என்பவரும் வெளியிட்டனர்.

புற்றுநோயில் நேர்வது என்ன?

புற்றுநோய் உயிரணுவில் இக்குறிகளின் ஒழுங்கு இருவகையில் குலைகிறது. முதலாவது, இருக்கவேண்டிய இடங்களில் குறிகள் குறைகின்றன. இதனை 1983இல் ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் எடுத்துக்காட்டினர். இக்குறைவினால் குரோமோசோம்களின் உறுதி தளர்கிறது. இரண்டாவது, இருக்கக்கூடாத இடங்களில் குறிகள் மிகுகின்றன. உயிரணுவின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் காவல் மரபணுக்களின் வாய் இதனால் அடைக்கப்படுகிறது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றில் இவ்வாறு நேர்வது 1989இல் அறியப்பட்டது. பெருங்குடல் புற்று சிலவற்றில், டி.என்.ஏ.யின் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.-1 மரபணு அடங்கிவிடுவதால், திருத்தப்படாத பிழைகள் மேன்மேலும் குவிகின்றன.

முதுமை, நாட்பட்ட அழற்சி, புகைபிடித்தல், இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரின் தொற்று ஆகியவை குறிகளின் அமைப்பை மாற்றுகின்றன.

கண்டறிதலும் மருத்துவமும்

எழுத்துப் பிழையைத் திருத்துவது அரிது. பூட்டைத் திறப்பது இயலக்கூடியது. அசாசிடிடின் என்னும் மருந்து மெதில் குறிகளை நீக்குவதை 1980இல் ஜோன்ஸும் டெய்லரும் உணர்த்தினர். எலும்பு மச்சையின் குருதியாக்கக் குறைபாட்டு நோய்களுக்கு அம்மருந்தை அமெரிக்கா 2004இல் ஏற்றது. 2006இல் டெசிடபின் ஏற்கப்பட்டது. ஆயினும் இம்மருந்துகள் வேண்டிய பூட்டை மட்டும் தேர்ந்து திறப்பதில்லை. உறுப்புகளில் தோன்றும் திண்மக் கட்டிகளில் இவற்றின் வெற்றி குறைவே.

குறிகள் வழிகாட்டியாகவும் பயன்படுகின்றன. 2005இல் வெளியான ஆய்வொன்றின்படி, எம்.ஜி.எம்.டி. மரபணு மெதிலேற்றம் அடைந்திருந்த மூளைப் புற்று நோயாளிகளுக்குக் கதிர்வீச்சுடன் டெமொசோலோமைடு மருந்தும் அளித்தபோது, இடைநிலை வாழ்நாள் 15.3 மாதங்களிலிருந்து 21.7 மாதங்களாக உயர்ந்தது. மருந்து விளைக்கும் சேதத்தைச் சரிசெய்யும் மரபணு அடங்கியிருந்ததே இதற்குக் காரணம் எனலாம். பெருங்குடல் புற்றைக் கண்டறிய, மெதில் குறிகளையும் நாடும் மலப் பரிசோதனையை 2014இலும், குருதிப் பரிசோதனையை 2016இலும் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது.

திட்டமிடுவோர் கருத வேண்டியவை

இப்பரிசோதனைகளை அரசுச் செலவில் பரவலாக்கலாமா என்ற வினா இயல்பாகவே எழுகிறது. நோய்க்குறி காட்டும் பரிசோதனை மட்டும் நோயாளியைக் காப்பதில்லை. அதனை உறுதிசெய்யும் உள்நோக்குக் கருவியும், திசு ஆய்வும், அறுவை மருத்துவமும் எட்டும் தொலைவில் இல்லையெனில், பரிசோதனை அச்சத்தை மட்டுமே அளிக்கும். மேலும், நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வாய்ப்புற்றை வெறுங்கண்ணால் கண்டறிய இயலும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் வாயைச் சோதித்துப் பார்த்த முறையினால், புகையிலை அல்லது மது பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு சுமார் 34 விழுக்காடு குறைந்தது என 2005இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இதனால் மெதிலேற்ற ஆராய்ச்சி வேண்டா என்பது பொருளன்று. புகைபிடிப்போரின் குருதியில் மாறியுள்ள குறிகளுள் பல, அப்பழக்கத்தைக் கைவிட்டபின் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழைய நிலையை நெருங்குகின்றன. தடுப்பு முயற்சி வீண்போகாது என்பதற்கு உயிரணுவே தரும் சான்று இது. ஆகவே புகையிலைக் கட்டுப்பாடும் எளிய சோதனைகளும் முதலிடம் பெறுதல் வேண்டும். அவற்றின் பின்தொடர்ச்சியாக, மெதிலேற்றப் பரிசோதனைகளை நம் மக்களிடையே ஆய்ந்து, மருத்துவ வசதி அமைந்துள்ள இடங்களில் படிப்படியாகப் புகுத்துவதே பொருளாதார நோக்கிலும் மனிதநேய நோக்கிலும் ஏற்புடையதாகும்.