ஆட்டுக்கு ஈரம் ஆகாது
வேலணையைப் பார்த்து நாம் செய்யக்கூடியவை



"ரெண்டு ஆடு இருந்தா புள்ளைங்க படிப்புச் செலவுக்குக் கவலை இல்ல" என்று லயங்களில் பேசிக்கொள்வது வழக்கம். பேச்சு சரிதான். ஆனால் கடன் எடுத்து ஆடு வாங்கி, மழைக்காலத்தில் அது கழிந்து, மெலிந்து, செத்துப்போய், கடன் மட்டும் மிஞ்சிய வீடுகளும் உண்டு. "ராசி இல்ல", "கண்ணு பட்டிருச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பல வீடுகளில் உண்மைக் காரணம் ஈரமும் குடற்புழுவும்தான். இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் ஒருமுறை போய் வருவோம்.

வேலணையில் எப்படி?

நயினாதீவு நாகபூஷணி அம்மனைக் கும்பிடப் போனவர்களுக்கு வேலணை தெரிந்திருக்கும். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகத்தான் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போக வேண்டும். வழியெல்லாம் பனைமரம், சுண்ணாம்புக்கல் நிலம், உவர்க்காற்று. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். யாழ்ப்பாணப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீட்டர் மழை. நம் வட்டவளைப் பக்கமோ 5,000 மில்லிமீட்டருக்கு மேல்!

அந்த வறண்ட மண்ணில் பசும்புல் குறைவு. அதனால் அங்குள்ளவர்கள் ஆட்டுக்கு மரத்திலிருந்து இலை ஒடித்துப் போடுகிறார்கள். நாம் "தழை" என்பதை அவர்கள் "குழை" என்பார்கள். நீளமான கொக்கத்தடியால் பூவரசு, ஆல், சீமைக்கிளுவை மரங்களிலிருந்து குழை வெட்டி, கட்டாகக் கட்டி, கொட்டிலில் கயிற்றில் தொங்க விடுவார்கள். ஆடு தலையை நிமிர்த்திக் கடித்துத் தின்னும். நுங்கு எடுத்த பனங்காயையும் சீவிப் போடுவதுண்டு. பாலைத் தேநீருக்கும் குழந்தைகளுக்கும் எடுத்துக்கொள்வார்கள். எரு தோட்டத்துக்குப் போகும்.

புல் இல்லாத குறைக்குக் கண்ட வழிதான் இந்தக் குழைக் கயிறு. ஆனால் அது ஆட்டைப் புழுவிலிருந்தும் காப்பாற்றுகிறது. எப்படி என்று பாருங்கள்.

புழு எங்கிருந்து வருகிறது?

ஆட்டின் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஒரு புழு உண்டு. ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000க்கும் மேல் முட்டை இடும். அந்த முட்டை புழுக்கையோடு நிலத்தில் விழுந்து, ஈரம் இருந்தால் ஒரு வாரத்தளவில் குஞ்சுப் புழுவாகி, பனித்துளி படிந்த புல்லின் அடிப்பகுதியில் ஏறி நிற்கும். ஆடு அந்தப் புல்லைத் தின்றால் மூன்று வாரத்தில் அதன் வயிற்றிலும் புழு முட்டையிடத் தொடங்கும். வெயில் காய்ந்த நிலத்தில் குஞ்சுப் புழு அதிக நாள் உயிரோடு இருக்காது. மரத்துத் தழையிலும் அது இருக்காது. வேலணை ஆட்டுக்கு இந்த இரண்டு காவலும் உண்டு. நம் மலையில் வெயிலை வரவழைக்க முடியாது. தழையைத் தொங்கவிட முடியும் அல்லவா?

லயத்தில் செய்ய வேண்டியவை

1. பட்டியை உயர்த்துங்கள். நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் மூங்கில் அல்லது மரச்சட்டம் அடித்து, சட்டங்களுக்கு இடையே அரை அங்குல இடைவெளி விடுங்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழும், ஆடு காய்ந்த தரையில் படுக்கும். குளம்பு அழுகல், சளிக் காய்ச்சல் இரண்டும் குறையும். பெரிய ஆடு ஒன்றுக்குப் பன்னிரண்டு சதுர அடியாவது வேண்டும். சாரல் அடிக்கும் பக்கம் உரப்பையைத் தைத்துத் தொங்கவிடலாம். ஆனால் முழுவதும் அடைத்துவிடாதீர்கள், காற்று வேண்டும். லயத்து வாசலில் பட்டி கட்டக் கூடாது. கட்டும் இடத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

2. தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள். பலா இலை, முருங்கை, கிளிரிசீடியா எல்லாம் ஆகும். வேலணையில் சீமைக்கிளுவை என்பதும் இந்தக் கிளிரிசீடியாதான். இதன் வாசனை சில ஆடுகளுக்கு முதலில் பிடிக்காது, ஒரு நாள் வாட விட்டுக் கொடுங்கள். உயரமான தோட்டங்களில் இது நன்றாக வளராது. அங்கே நிர்வாகத்தின் அனுமதியோடு நிழல் மரத்துத் தழையை எடுக்கலாம். புல் அறுத்தால் பனி காய்ந்த பிறகு, அடியை விட்டு மேலாக அறுங்கள். களைகொல்லி அடித்த மலையில் புல் அறுக்கவே கூடாது. மரவள்ளி இலையைப் பச்சையாகப் போட்டால் ஆடு செத்துப்போகும். வெயிலில் நன்றாக வாட்டிக் கொஞ்சமாகப் போடுங்கள்.

3. கண்ணைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்கம் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்துக் காகிதம் போல இருந்தால் புழு இரத்தத்தைக் குடிக்கிறது. தாடைக்குக் கீழே பை போல வீங்கினால் ஒரு நாளும் தாமதிக்காமல் அரசாங்க கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். மருந்தின் அளவு ஆட்டின் எடையைப் பொறுத்தது. சினையாடு என்றால் அதையும் சொல்லி வாங்குங்கள்.

எத்தனை ஆடு?

தீவுப் பக்கத்து ஆட்டையோ பெரிய ஜமுனாபாரியையோ லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவராதீர்கள். காய்ந்த நாட்டில் வளர்ந்த ஆடு இந்தக் குளிரில் கஷ்டப்படும். பக்கத்துத் தோட்டத்தில் மழையில் வளர்ந்த இரண்டு மறியாடு போதும். சினைக்காலம் ஐந்து மாதம். நல்ல கவனிப்பு இருந்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். முதல் ஈற்றில் பிறக்கும் கிடாய்க்குட்டியை விற்கலாம், மறிக்குட்டியை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடன் எடுத்து ஒரே நேரத்தில் ஐந்து ஆறு என்று வாங்கினால் தழை வெட்ட ஆள் போதாது. கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மாவின் தலையில்தான் அந்தச் சுமையும் ஏறும். வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டால்தான் ஆடு நிலைக்கும்.

கோழி வளர்ப்பவர்களுக்கும் இதே பேச்சுத்தான். ஈரத் தரையை விட்டு உயரமான கூடு, காய்ந்த தீனி, ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி. இந்த மூன்றும் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

ஆகவே முதலில் பட்டியைக் கட்டுங்கள், தழைக்கு இரண்டு மரம் நடுங்கள். ஆட்டை அதற்குப் பிறகு வாங்கலாம்.